நடுப்பகலைத் திருப்பிக் கொடுங்கள்

பள்ளி நேரமும் வேலை நேரமும் வகுப்பவர்களுக்கும், கட்டட வரைபடங்களில் கையெழுத்திடுபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். ஆண்டில் ஐந்து மாதம் வானம் மூடிக்கிடக்கும் ஒரு நிலப்பகுதியில் 11 ஆண்டுகளாக வாழ்ந்துவருகிறேன். அந்த மாதங்களில் விடியலுக்கும் அந்திக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மழை என்றும் சொல்ல முடியாது, பனி என்றும் சொல்ல முடியாது; நாள் முழுக்க ஒரு நசநசப்பு. கொடியில் போட்ட துணி மூன்றாம் நாளும் காய்ந்திருக்காது. அலமாரிக்குப் பின்னால் சுவரில் பூஞ்சணம் படரும். வாடைக்காற்று கதவிடுக்கில் ஊளையிடும். இதில் எதையும் மாற்றித் தரும்படி நான் கேட்கவில்லை. மேகத்தைக் கலைக்கும் அதிகாரம் உங்களிடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் கேட்பது உங்கள் கையில் இருக்கிற ஒன்றை. எங்கள் நடுப்பகலை.

முதல் மூன்று குளிர்காலங்களில் எனக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. பகல் சுருங்கத் தொடங்கியதும் உடம்பு கனக்கும். ஒன்பது மணி நேரம் தூங்கி எழுந்தாலும் கண்ணே மூடாதவள்போல இருக்கும். வாய் எப்போதும் இனிப்பைத் தேடும். தோழிகளின் அழைப்பு வந்தால் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். பிள்ளை ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் எரிந்து விழுவேன். பிறகு அதை நினைத்து அழுவேன். சோம்பேறி ஆகிவிட்டேன் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பகல் நீளத் தொடங்கிய சில வாரங்களில் பழைய ஆளாக எழுந்துவிடுவேன். நான்காம் ஆண்டு, பழைய நாட்குறிப்புகளை எடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் கண்டேன்: நான் சரிந்த வாரமும் நிமிர்ந்த வாரமும் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. குணம் இப்படித் தேதி பார்த்து வந்து போகாதே என்று அன்று தோன்றியது.

இதற்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது: பருவகால மனச்சோர்வு. வெயில் மிகுந்த தென்னாப்பிரிக்காவிலிருந்து நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தால், குளிர்காலம் வரும்போதெல்லாம் தன் சுறுசுறுப்பு வடிவதைத் தானே கவனித்தார். பிறகு அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, 1984-ல் இந்த நோயை முறையாக விவரித்து, பிரகாசமான ஒளியால் அதற்குச் சிகிச்சை தரலாம் என்றும் காட்டினார். எல்லோருக்கும் இது நோயாகும் அளவுக்குப் போவதில்லை. ஆனால் இருண்ட நாடுகளில் நோய் என்று சொல்ல முடியாத மந்தத்தோடு பாதி ஆண்டைத் தள்ளுகிறவர்கள் அதைவிடப் பலர். அவர்கள் மருத்துவரிடம் போவதில்லை. "பழகிவிடும்" என்று யாரோ சொன்னதை நம்பிக் காத்திருக்கிறார்கள்.

தமிழில் எழுதுவதால் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்த நம் முன்னோர், மனிதரின் உணர்வையும் அந்தப் பொழுதோடு சேர்த்தே வைத்தார்கள். முல்லைக்குக் காரும் மாலையும் பொழுது. காத்திருத்தல் அதற்குரிய மனநிலை. வானம் இருண்டால் மனம் ஒரு பக்கம் சாயும் என்பதை அவர்கள் யாருடைய குறையாகவும் பார்க்கவில்லை, இலக்கணத்திலேயே இடம் கொடுத்தார்கள். அந்த மொழியில் வளர்ந்த நான், மூன்று ஆண்டுகள் என்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி நடுப்பகலுக்கு வருகிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் என் மேசை ஜன்னலே இல்லாத அறையில் இருந்தது. காலையில் இருட்டில் உள்ளே போவேன், மாலையில் இருட்டில் வெளியே வருவேன். மதிய இடைவேளை 30 நிமிடம். மாடியிலிருந்து இறங்கி, மேலுடை மாட்டி, திரும்ப ஏறி, நடுவில் சாப்பிடவும் வேண்டும் என்றால் வெளியே நிற்க ஐந்து நிமிடம்கூட மிஞ்சாது. இடைவேளையை ஒரு மணி நேரமாக்கி, அந்த அரை மணியை மாலையில் ஈடு செய்கிறேன் என்று மேலாளரிடம் கேட்டேன். "வெளியே போய் என்ன செய்யப் போகிறீர்கள்? அங்கேயும் இருட்டாகத்தானே இருக்கிறது" என்றார். அவர் கெட்ட மனிதர் அல்லர். என் கண் என்னை ஏமாற்றியதுபோலவே அவர் கண்ணும் அவரை ஏமாற்றியிருந்தது.

அந்த வாரமே ஒரு சிறிய ஒளிமானி வாங்கினேன். ஒளியை அளக்கும் அலகு லக்ஸ். எல்லா விளக்குகளும் எரியும் என் மேசையில் 310 லக்ஸ். கருவியைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி எதிர்ச் சுவரைப் பார்க்கப் பிடித்தால் 140. மறுநாள் மதியம், சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு வெளியே போனேன். தூறல். சூரியன் எங்கே இருக்கிறது என்றே தெரியாத சாம்பல் வானம். பார்த்தவர் யாரும் அதை வெளிச்சம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஒளிமானி 6,200 காட்டியது. கருவி கெட்டுப்போய்விட்டதோ என்று உள்ளே போய் மறுபடி அளந்தேன். அதே 310.

கருவியில் பிழையில்லை. பொதுவாக அலுவலகங்களில் 300 முதல் 500 லக்ஸ் வரைதான் இருக்கும். மேகம் மூடிய பகலில் திறந்தவெளியில் சில ஆயிரம் லக்ஸ், பல நேரங்களில் 10,000-க்கும் மேல். தெளிந்த வெயிலில் அது 1,00,000 வரை போகும். நம் கண்பாவை சுருங்கி விரிந்து, விழித்திரையும் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த இருபது மடங்கு, நாற்பது மடங்கு வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. "வெளியே இருட்டாக இருக்கிறது" என்று சொல்லி, அதைவிடப் பல மடங்கு இருண்ட அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறோம்.

கண்ணை ஏமாற்றலாம், கண்ணுக்குள் இருக்கும் வேறொன்றை ஏமாற்ற முடியாது. உருவத்தையும் நிறத்தையும் பார்க்க உதவும் செல்களைத் தவிர, விழித்திரையில் மூன்றாம் வகை ஒளியுணர் செல்கள் சில இருப்பதை அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெர்சனும் அவருடைய குழுவினரும் 2002-ல் நேரடியாகக் காட்டினார்கள். மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட இந்தச் செல்களின் முக்கிய வேலை பொழுதை அளப்பது. எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நேரம் என்று கணக்கெடுத்து மூளையின் உள்கடிகாரத்துக்குச் சொல்கின்றன. அந்தக் கடிகாரம்தான் தூக்கத்தையும் விழிப்பையும் உடல் வெப்பத்தையும் ஒழுங்குபடுத்துகிறது. மனநிலையும் அதைச் சார்ந்தே இருக்கிறது. 140 லக்ஸில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவளின் கடிகாரத்துக்கு, பகல் என்று ஒன்று வந்துபோனதற்கு மிகப் பலவீனமான செய்திதான் போய்ச் சேரும்.

ஆகவேதான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். மேகம் மறைத்ததுபோக எங்களுக்குப் போதுமான பகல் மிச்சம் இருந்தது. அது மிக அதிகமாக இருக்கும் பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரையிலான நேரத்தில் எங்களை உள்ளே வைத்தது ஒரு கால அட்டவணை. அதை யாரோ ஒருவர், பெரும்பாலும் தீங்கு எதையும் நினைக்காமல், கட்டம் கட்டமாக நிரப்பியிருக்கிறார்.

நிர்வாகம் நினைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு நார்வேயில் ஓர் ஊர் இருக்கிறது. ருக்கன் என்று பெயர். நீர்மின்சாரத்தை நம்பி ஆழமான பள்ளத்தாக்கில் எழுந்த தொழில் நகரம். மலை மறைப்பதால் ஆண்டில் ஏறக்குறைய பாதிக் காலம் நேரடி வெயில் ஊரின் தரையைத் தொடாது. மேகம் இல்லாத நாளிலும் மக்கள் தலைக்கு மேலே நீல வானத்தைப் பார்த்தபடி நிழலிலேயே நடப்பார்கள். 1913-லேயே, மலைமேல் கண்ணாடி வைத்து வெயிலைக் கீழே திருப்பலாம் என்ற யோசனை அங்கே பேசப்பட்டது. அன்று அதற்குத் தொழில்நுட்பம் கைகொடுக்கவில்லை. அதற்காக விட்டுவிடவும் இல்லை. ஊரை உருவாக்கிய நார்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் 1928-ல் ஒரு கம்பிவட ஊர்தி கட்டிக் கொடுத்தது. சுற்றுலாவுக்காக அல்ல, ஊர் மக்கள் குளிர்காலத்தில் மேலே ஏறிப் போய் வெயிலில் நின்றுவிட்டு வருவதற்காக. அந்த ஊர்தி இன்றும் ஓடுகிறது. 2013-ல் பழைய யோசனையும் நிறைவேறியது. மலைச்சரிவில் மூன்று பெரிய கண்ணாடிகள், சூரியனின் போக்குக்கு ஏற்பக் கணினி உதவியால் திரும்பி, ஊர்ச் சதுக்கத்தில் சுமார் 600 சதுர மீட்டர் பரப்பில் வெயிலை விழவைக்கின்றன. இத்தாலியில் விகனெல்லா என்ற சிறு மலைக்கிராமம் அதற்கு முன்பே, 2006-ல், மலைமேல் இப்படி ஒரு கண்ணாடியை நிறுத்திவிட்டது. அங்கே நவம்பர் 11 முதல் பிப்ரவரி 2 வரை வெயில் வராது.

600 சதுர மீட்டர் என்பது ஒரு ஊருக்கு ஒன்றுமே இல்லை. ஆனாலும் அந்தச் சதுக்கத்தைப் பற்றிப் படித்த நாளிலிருந்து என் மனம் அதையே சுற்றிவருகிறது. வெயில் இல்லை என்பது தனித்தனி மனிதர்களின் சொந்தச் சங்கடம், ஆளுக்கொரு வழி பார்த்துக்கொள்ளட்டும் என்று அந்த ஊர் நினைக்கவில்லை. குடிநீர்க் குழாயை எப்படிப் பார்த்தார்களோ அப்படியே பார்த்தார்கள். உங்களிடம் நான் கண்ணாடி கேட்கவில்லை. எங்கள் வானத்தில் மலை மறைப்பது இல்லை. கதவைத் திறந்தால் போதும்.

பிள்ளைகளின் விஷயத்தில் கதவைத் திறப்பது இன்னும் அவசரம். தூறல் விழுந்தால் இடைவேளையை வகுப்பறைக்குள் வைத்துக்கொள்ளும் பள்ளிகள் ஏராளம். ஐந்து மாதம் தூறும் இடத்தில் அதற்கு என்ன பொருள் என்று எண்ணிப் பாருங்கள். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிட வெளிப்புற வகுப்பு ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். மூன்று ஆண்டு முடிவில், வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 விழுக்காட்டினருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே அனுப்பிய பள்ளிகளில் 30.4 விழுக்காட்டினருக்கு. வெளிச்சமே இதற்கு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். தைவானில் 2010 முதல் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியே இருக்கவைக்கும் திட்டம் நடைமுறையில் உள்ளது. பின்லாந்தில் 45 நிமிடப் பாடத்துக்கு 15 நிமிட இடைவேளை என்பது நெடுநாள் வழக்கம். குளிரிலும் பிள்ளைகள் வெளியேதான் போகிறார்கள். எங்கள் பள்ளிகளுக்குத் தேவை கூரை மட்டும் போட்ட, சுவர் இல்லாத ஒரு கொட்டகை. அதுகூட இல்லாவிட்டால் மழையுடை மாட்ட ஒரு வரிசை ஆணி.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாலை வெளிச்சத்தைக் கூட்டுவதற்காகக் கடிகாரத்தை ஆண்டு முழுக்க முன்தள்ளி வைக்கும் யோசனை அவ்வப்போது உங்கள் மேசைக்கு வருகிறது. அமெரிக்கா அதை 1974 ஜனவரியில் செய்து பார்த்தது. பிள்ளைகள் கும்மிருட்டில் பள்ளிக்குப் போக நேர்ந்ததில் பெற்றோர் கொதித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் குளிர்காலத்துக்குப் பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டார்கள். ரஷ்யா 2011-ல் நிரந்தரக் கோடை நேரத்துக்கு, அதாவது ஆண்டு முழுக்க முன்தள்ளிய கடிகாரத்துக்கு மாறி, இருண்ட காலைகளைத் தாங்க முடியாமல் 2014-ல் நிரந்தரக் குளிர்கால நேரத்துக்குப் போனது. இரண்டு பெரிய நாடுகள் ஏற்கெனவே பட்டுத் தெரிந்துகொண்டதை எங்கள் பிள்ளைகளை வைத்து மறுபடி சோதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதியோர் இல்லங்களில் இருப்பவர்கள் வெளியே வரவும் முடியாதவர்கள். அவர்களிடம் வெளிச்சத்தை நாம்தான் கொண்டுபோக வேண்டும். நெதர்லாந்தில் 12 இல்லங்களில் 189 முதியவர்களிடம் நடந்த ஆய்வு 2008-ல் வெளியானது. சில இல்லங்களின் கூடங்களில் பகல் முழுக்கச் சுமார் 1,000 லக்ஸ் கிடைக்கும்படி விளக்குகளைக் கூட்டினார்கள். அங்கே இருந்தவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் 19 விழுக்காடு குறைவாக இருந்தன; நினைவாற்றல் சரிவதும் கொஞ்சம் மட்டுப்பட்டது. கூரை விளக்குகளை மாற்றினார்கள்.

"விளக்கு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமே" என்று கேட்பீர்கள். வைத்திருக்கிறேன். 10,000 லக்ஸ் தரும் ஒளிப்பெட்டியின் முன்னால் காலையில் அரை மணி நேரம் உட்காருகிறேன். எனக்குப் பலன் இருக்கிறது. கண்நோய் உள்ளவர்களும் இருதுருவ மனநோய் (மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அது வாங்க முடிந்தவர்களின் தீர்வு. விடியுமுன் நான்கு மணிக்கு எழுந்து உங்கள் அலுவலகங்களைத் துடைக்க வரும் பெண்ணுக்கு ஒளிப்பெட்டியின் முன் உட்கார அரை மணி எங்கிருந்து கிடைக்கும்? கிடங்குகளிலும் அடித்தளச் சமையலறைகளிலும் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு? வெளிச்சம் மிகக் குறைவாகக் கிடைப்பவர்கள் எப்போதும் ஊதியம் மிகக் குறைவாகக் கிடைப்பவர்களாகவே இருப்பதை நான் வேலை பார்த்த ஒவ்வோர் இடத்திலும் பார்த்திருக்கிறேன். மேலாளர்களின் அறைகளுக்கு ஜன்னல் இருந்தது.

அக்கறையில் சிலர் தவறாகச் சொல்லும் ஒன்றையும் இங்கே திருத்திவிடுகிறேன். குளிர்கால நடுப்பகலில் நடந்தால் வைட்டமின் டி கிடைத்துவிடும் என்கிறார்கள். நிலநடுக்கோட்டிலிருந்து வெகு தொலைவில், குளிர்காலத்துச் சாய்வெயிலில் அதற்குத் தேவையான புற ஊதாக் கதிர் போதிய அளவில் வந்து சேர்வதில்லை. அதனால்தான் பிரிட்டன் அரசு இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் மாத்திரையாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. எங்களைப் போன்ற கருந்தோல்காரர்கள் அதை ஆண்டு முழுக்கவே கவனிக்க வேண்டும். நான் கேட்கும் நடுப்பகல் கண்ணுக்கும் அதன் வழியே உள்கடிகாரத்துக்கும். தோலுக்கான வழி வேறு. இரண்டையும் குழப்பிவிட்டால், மாத்திரை கொடுத்துவிட்டோம், இடைவேளை எதற்கு என்று யாராவது கேட்பார்கள்.

நான் கேட்பவை சில. இருண்ட மாதங்களில் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை கூட்டங்களே வேண்டாம். அந்த நேரத்துக்குள் ஒவ்வொருவருக்கும் குறைந்தது அரை மணி நேரம் வெளியே போய்வர உரிமை இருக்கட்டும். அது சாப்பாட்டு நேரத்துக்கு மேல் தனியாக, வேலை நேரத்துக்குள்ளேயே இருக்கட்டும். ஜன்னலோர இருக்கைகள் பதவிக்கு ஏற்ப அல்லாமல் முறைவைத்து மாறட்டும். துப்புரவு வேலையை இரவிலும் விடியற்காலையிலும் ஒளித்துவைக்காமல், முடிந்த அளவு பகலுக்குக் கொண்டுவாருங்கள். புதிய கட்டடத்துக்கு ஒப்புதல் தரும்போது, ஒருவர் எட்டு மணி நேரம் உட்காரப்போகும் அறைக்கு வெளியுலகம் தெரியும் ஒரு ஜன்னலாவது இருக்கிறதா என்று பாருங்கள். இது நான் கண்டுபிடித்த ஆசை அல்ல. ஜெர்மனியின் பணியிட விதிமுறை வேலை செய்யும் இடங்களுக்கு இயன்றவரை போதுமான பகல் வெளிச்சமும் வெளியே பார்க்கும் வசதியும் இருக்க வேண்டும் என்கிறது. ஒருவர் பருவகால மனச்சோர்வு என்று மருத்துவச் சீட்டு கொண்டுவந்தால், முதுகுவலிக்குக் கொண்டுவந்த சீட்டை எப்படி வாங்கிக்கொள்வீர்களோ அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது வேலை பார்க்கும் இடத்தில், கேட்டதும் எனக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைத்தது. காரணம், எங்கள் பிரிவின் தலைவிக்கும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இதே பாடுதான். அது என் அதிர்ஷ்டம். இரண்டு குளிர்காலங்களாக மதியம் நடக்கிறேன். மழையுடைக்குள் ஈரம் இறங்கும், விரல்கள் விறைக்கும், பல நாள் போகவே பிடிக்காது. ஆனாலும் போகிறேன். என் கனம் முழுக்க இறங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பிள்ளை இரண்டாம் முறை கேட்கும்போது பதில் சொல்லும் அளவுக்கு இறங்கியிருக்கிறது. முதலில் தனியாக நடந்தேன். இப்போது எட்டுப் பேர் வருகிறார்கள். அவர்களில் ஒருவர், 20 ஆண்டுகளாக இங்கே இருந்தும் குளிர்காலத்தில் ஆற்றங்கரையைப் பகலில் பார்த்ததே இல்லை என்றார்.

அடுத்த இருண்ட பருவத்துக்கான அட்டவணைகளை நீங்கள் கோடையிலேயே வகுத்து முடித்துவிடுகிறீர்கள். வெயில் ஜன்னல் வழியே உங்கள் மேசையில் விழுந்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில் இந்த மடல் உங்கள் நினைவில் இருக்க வேண்டும் என்றுதான் இப்போதே எழுதுகிறேன். காகிதத்தில் பன்னிரண்டு மணிக்கு நேரே ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்பாமல் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சாம்பல் வானத்தின் கீழ் வாழும் ஒரு தாய்